கேட்டைப் பிடித்து நின்றவர்

பெரில் ப்ரூவெட்டின் பண்ணை முற்றத்தில் லோர்னா காரை நிறுத்தியபோது மழை ஓய்ந்து மதிய வெயில் மெல்ல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்டோபரின் கடைசி ஞாயிறு. ஈர வைக்கோலும் ஆட்டுச் சாணமும் கலந்த வாடை முற்றம் முழுக்கப் பரவியிருந்தது. சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் காரை அங்கேதான் விடுவார்கள்.

ரப்பர் பூட்ஸோடு, கையில் டீக் கோப்பையோடு பெரில் வெளியே வந்தார்.

"எந்தப் பாதைம்மா?"

"பச்சை அம்பு போட்டது. ரொம்ப சுலபம்னு சொன்னாங்க."

"சுலபந்தான். ஏத்தம்னு சொல்லிக்க ஒண்ணும் கிடையாது. விழுந்தாலும் புல்லு மேலதான் விழுவீங்க."

"இவர் விழுந்தா புல்லுக்குத்தான் அடிபடும்," என்றாள் லோர்னா, கணவனைக் காட்டி.

பெரில் சிரித்தார். கிளைவ் சிரிக்கவில்லை. காரின் பின்னாலிருந்து சைக்கிள்களை இறக்கி, சங்கிலியை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்ச் மாதத்துக்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வந்ததே அபூர்வம். இன்றைக்கும் லோர்னா கெஞ்சித்தான் கூட்டி வந்திருந்தாள். மலைச் சைக்கிள் என்று பேர்தானே தவிர மலையெல்லாம் வேண்டாம், ஆடு மேய்கிற குன்றுமேல் ஒரு சுற்று, கொஞ்சம் காற்று, அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தாள்.

"வழியில நாலு கேட் இருக்கு," என்றார் பெரில். "எல்லாத்தையும் சாத்திட்டுப் போங்க, ஆடு நிக்குது. கடைசிக் கேட்ல ஒரு போர்டு இருக்கும். அதப் படிச்சிட்டுப் போங்க, என்ன?"

"சரி, படிக்கிறோம்."

"படிச்சா மட்டும் போதாது," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

கிளைவ் பஸ் ஓட்டுநர். அந்தப் பள்ளத்தாக்குக் கிராமங்களை இணைக்கும் பஸ்ஸை அவர்தான் வெகுகாலம் ஓட்டினார். தூரத்தில் ஓர் ஆள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்துவிட்டால் வண்டியை எடுக்க மாட்டார். தாமதமாகிறது என்று மேலிடத்தில் திட்டு வாங்குவார், மறுநாளும் அப்படியே நிற்பார். அவர்களின் ஒரே மகன் ஃபெலிக்ஸும் அதே அச்சு. பந்தியில் கடைசியாகச் சாப்பிடுகிற பிள்ளை. மார்ச் மாதம் ஒரு காலை, பிரிஸ்டலில் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது, சாலையைக் கடக்க நின்ற ஒருவருக்கு வழிவிட்டு நிறுத்தினான். பின்னால் வந்த லாரி அவனைப் பார்க்கவில்லை.

பாதை பெரில் சொன்னபடியே இருந்தது. இருபுறமும் முள்வேலிப் புதர்கள், அவற்றில் சிவந்த காய்கள், சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைச் சுண்ணாம்பு மண். லோர்னா முன்னால் போனாள். முதல் கேட் வந்தது. கிளைவ் இறங்கி, கொண்டியைத் தூக்கித் திறந்து, அவள் நுழைந்ததும் தானும் வந்து சாத்தினார். இரும்புக் கொண்டி 'டக்' என்று விழுந்தது.

கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். பின்னால் மறுபடியும் அதே சத்தம்.

டக்.

லோர்னா திரும்பிப் பார்த்தாள். பாதை வளைந்திருந்தது. புதர்தான் தெரிந்தது.

"நமக்குப் பின்னால யாரோ வர்றாங்க," என்றார் கிளைவ். அந்தக் குரலில் ஒரு சிறு சந்தோஷம் இருந்ததை அவள் கவனித்தாள். கூட ஒருவர் வருகிறார் என்பதே அவருக்குப் போதும்.

இரண்டாவது கேட்டிலும் அப்படித்தான். அவர்கள் சாத்திவிட்டு நகர்ந்த சிறிது நேரத்தில் கீல் முனகியது, கொண்டி விழுந்தது. இந்தமுறை சத்தம் இன்னும் பக்கத்தில் கேட்டது.

மூன்றாவது கேட்டைத் தாண்டினால் பீச் மரக்காடு. உள்ளே வெளிச்சம் மங்கி, உதிர்ந்த இலைகள் செம்பு நிறத்தில் தரையை மூடியிருந்தன. விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள். சாத்திய கேட் எதிரிலேயே, கண்ணுக்கு நேராக இருந்தது. ஹாம் சாண்ட்விச்சைப் பிய்த்தபடி கிளைவ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப வந்துருவாங்க. வந்தா டீ வேணுமான்னு கேளு."

"உனக்கே பத்தல, இதுல ஊருக்கெல்லாம் உபசாரமா?"

"ஒரு வாய்தானே லோர்னா."

டீ ஆறியது. ஒருவரும் வரவில்லை. மரங்களுக்குள் ஒரு பறவைகூடக் கத்தவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வேறு வழியில் திரும்பிப் போயிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு எழுந்தார்கள். சைக்கிளில் ஏறி, அந்த மரத்தைக் கடந்து, முதல் மிதியை அழுத்தினார்கள்.

கீல் முனகியது.

டக்.

லோர்னா சட்டென்று திரும்பினாள். கேட் சாத்தியபடியே இருந்தது. அதன் மேல்கட்டை மட்டும், இப்போதுதான் யாரோ கையெடுத்ததுபோல, மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது.

"காத்து," என்றாள்.

காட்டில் ஓர் இலைகூட அசையவில்லை.

அதன்பிறகு அவள் வேகமாக மிதித்தாள். கிளைவ் பின்தங்கினார். காட்டைவிட்டு வெளியேறியதும் குன்றின் முதுகு. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்துகொண்டிருந்தது. ஆடுகள் அங்கங்கே சாம்பல் மூட்டைகள்போலக் கிடந்தன. நனைந்த கம்பளியின் வாடை அடித்தது. ஆடுகளின் வாடைதான் என்று நினைத்தாள். ஆனால் அதோடு சங்கிலி எண்ணெயின் வாடையும் வந்தது, நிறைய சைக்கிள்கள் நிற்கிற கொட்டகைக்குள் நுழைந்தது மாதிரி.

கடைசிக் கேட் குன்றின் விளிம்பில் இருந்தது. அதைத் தாண்டினால் நீளமான புல் சரிவு, கீழே பெரிலின் பண்ணை. கேட்டில் இரண்டு வரிப் பலகை. மேலே அச்சில், 'கேட்டைச் சாத்தவும்.' கீழே யாரோ தூரிகையால் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தார்கள்: 'பின்னால் வருபவருக்காகப் பிடித்து நிற்காதீர்கள்.'

கிளைவ் அதை இரண்டுமுறை படித்தார். பிறகு சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு அவர் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல்தடவை.

"இதென்ன ஊரு! மரியாதை காட்டக் கூடாதுன்னு போர்டு போட்டு வெச்சிருக்காங்க."

"சாத்திட்டு வா கிளைவ். குளிருது."

அவர் திறந்த கேட்டைப் பிடித்தபடி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதோ, வர்றாரு பாரு."

அவள் பார்த்தாள். பனிதான் தெரிந்தது.

"யாரு?"

"அங்கதான். சட்டைக் காலரெல்லாம் நனைஞ்சு போயிருக்கு பாவம். பக்கத்துல வந்துட்டாரு. மூஞ்சில அடிக்கிற மாதிரி சாத்திட்டுப் போகவா? நீ இறங்கு. பிரேக்கைப் பாத்துப் பிடி. நான் இதோ வந்துடறேன்."

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குரலில் இத்தனை மாதமாக இல்லாத உயிர் இருந்தது. பழைய பஸ்காரர் பேசுவதுபோல இருந்தது. அதை ஊதி அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் இறங்கினாள்.

சரிவு மென்மையாக, பாய் விரித்ததுபோலப் போனது. பாதி தூரத்தில் பின்னால் சக்கரத்தின் டிக்டிக் சத்தம் கேட்டது. அவளுக்கு மூச்சு வந்தது.

"வந்துட்டியா? பாத்தியா, நான் விழாம ஓட்டறேன். வீட்டுக்குப் போனதும் சூப் வைக்கிறேன். லீக் தண்டு கிடக்கு, உருளைக்கிழங்கு கிடக்கு. நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், சும்மா அடுப்புப் பக்கத்துல உக்காரு..."

டிக்டிக் சத்தம் அவளுக்கு வலப்பக்கம் வந்தது.

"நன்றி," என்றது ஒரு குரல். தாழ்ந்த, ஈரமான குரல்.

கிளைவின் குரல் அல்ல அது.

இடப்பக்கம் இன்னொரு டிக்டிக். "நன்றி." இது ஒரு பெண்.

அவள் பிரேக்கை அழுத்தி நின்றாள். இருபுறமும் புல், கோடு போட்டதுபோல மடிந்துகொண்டே கீழே போனது. ஒரு கோடு. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் அப்பால் இன்னொன்று. மடிந்த புல் நிமிர்வதற்குள் அடுத்தது அதன்மேல் ஏறியது.

ஆள் யாரும் இல்லை.

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு லோர்னா மேலே ஓடினாள். முழங்கால் வலித்தது, ஈரப்புல் வழுக்கியது. எதிரே குளிர் அலையலையாக வந்து அவள் தோளை உரசிக் கடந்தது. ஒவ்வொரு அலையும் அவளைத் தாண்டும்போது கொஞ்சம் ஒதுங்கியது, குறுகிய பாதையில் எதிரே வருகிறவருக்கு வழிவிடுவதுபோல.

கிளைவ் அவள் விட்டுவந்த இடத்திலேயே நின்றிருந்தார். வலது கை கேட்டின் மேல்கட்டையைப் பிடித்திருந்தது. முகம் மெழுகு நிறமாகியிருந்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொருவருக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல... வாங்க... பாத்துப் போங்க... பரவால்ல..."

"கிளைவ்! கையை எடு!"

"ஒரு நிமிஷம் லோர்னா. இன்னும் வந்துட்டே இருக்காங்க."

"யாரும் இல்ல! அங்க யாருமே இல்ல!"

"எல்லாரும் நன்றி சொல்லிட்டுத்தான் போறாங்க. நடுவுல எப்படிச் சாத்தறது? அடுத்தவங்க என்ன நினைப்பாங்க?"

அவள் அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். மரத்தோடு மரமாக இறுகிக் கிடந்தன. பனியைவிடக் குளிர்ந்திருந்தன. அவர் மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுந்துகொண்டிருந்தது.

"இப்படியே நின்னா செத்துருவ கிளைவ். கேக்குதா உனக்கு?"

அவர் முதன்முறையாக அவள் பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது.

"அவன் இருக்கான் லோர்னா."

அவளுக்குப் புரிந்தது. புரியாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கூட்டத்துக்குக் கடைசில நிக்கறான். வாடான்னா வர மாட்டேங்கறான். எல்லாரையும் முன்னாடி விட்டுட்டே இருக்கான். புதுசா ஒருத்தர் வந்தா அவருக்கும் வழி விடறான். உனக்குத் தெரியாதா அவனை? இன்னும் கொஞ்ச நேரம். இவங்க போயிட்டா அவன் வந்துருவான்."

பனிக்குள் லோர்னா பார்த்தாள். உற்று உற்றுப் பார்த்தாள். வெண்மையைத் தவிர ஒன்றுமில்லை. ஆனால் அந்த வெண்மைக்குள் மிக மெதுவாக, மிக மெதுவாக, எண்ணற்ற சக்கரங்கள் காத்திருக்கிற சத்தம் கேட்டது.

டிக். டிக். டிக்.

அது தீரவே போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் போய் நிற்கிற பிள்ளை பின்னாலேயே நிற்பான். அவனுக்காகக் காத்திருக்கிற தகப்பனும் இங்கேயே நிற்பான்.

அவள் கேட்டின் பின்னால் போய், தோளைக் கொடுத்துத் தள்ளினாள்.

எதிர்ப்பக்கம் ஒன்றும் தடுக்கவில்லை. யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் மரியாதையாகப் பின்வாங்கினார்கள். கேட் நகர நகர கிளைவும் அதோடு இழுபட்டு நகர்ந்தார். "லோர்னா, வேண்டாம்," என்று மட்டும் சொன்னார், குழந்தைபோல.

கொண்டி விழ ஒரு விரற்கடை இருந்தது.

"அம்மா, ஒரு நிமிஷம்."

அந்தப் பக்கத்திலிருந்து. மிகப் பக்கத்திலிருந்து. மூச்சு வாங்கியபடி, வேகமாக மிதித்து வந்தவன்போல.

லோர்னா கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாள்.

டக்.

கிளைவின் கை கட்டையிலிருந்து தானாக விடுபட்டது. அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்தார். கேட்டுக்கு அப்பால் சத்தமே இல்லை. ஓர் ஆடு மட்டும் எங்கோ இருமியது.

அந்தி மங்குகிற நேரத்தில் இருவரும் பண்ணைக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள். அவரைத் தாங்கிப் பிடித்து, பேச்சுக் கொடுத்து, திட்டி, இழுத்து வந்தாள். முற்றத்து விளக்கு எரிந்தது. பெரில் வாசலில் நின்றிருந்தார். கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்தியிருந்தார்.

"பிடிச்சு நின்னாரா?"

லோர்னா தலையசைத்தாள்.

"யாரு சாத்தினது?"

"நான்."



"எங்க வீட்ல எங்கப்பா நின்னாரு," என்றார் பெரில். "எங்கம்மாவுக்குச் சாத்த மனசு வரல. அதுக்கப்புறந்தான் நான் அந்தப் போர்டுல எழுதினேன்." தோளிலிருந்த கம்பளிப் போர்வையை எடுத்துக் கையை நீட்டிக் கொடுத்தார். ஓர் அடிகூட முன்னால் வரவில்லை. "அவரைச் சுத்திக் கட்டு. ஹீட்டரப் போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போ கண்ணு. உள்ள கூப்பிட முடியல. தப்பா நினைக்காத."

பேசும்போது பெரில் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், காரைச் சுற்றி, முற்றத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை அவர் பார்வை நகர்ந்துகொண்டிருந்தது.

கிளைவ் பிழைத்துக்கொண்டார். உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிட்டது, கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார்கள். வலது கை விரல்கள் மட்டும் எதையோ பிடித்த வாக்கில் மடிந்தே நின்றுவிட்டன. வீட்டுக்கு வந்தபிறகு அவர் அழவில்லை, அவளைக் குறை சொல்லவுமில்லை. முன்னைவிட அமைதியாகவே இருந்தார். வீட்டு நடையில் போகும்போது சிலசமயம் சுவரோரம் ஒதுங்கி நிற்பார், யாருக்கோ வழிவிடுவதுபோல. துக்கம் மனிதனை என்னவெல்லாம் செய்யும் என்று லோர்னா தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்தக் குரல் ஃபெலிக்ஸுடையதுதான் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. இல்லை என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

ஜனவரியில் முதல் பனி விழுந்தது. விடிந்ததும் பால் எடுக்க லோர்னா வாசல் கதவைத் திறந்தாள்.

சந்து முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையின்மேல் சக்கரத் தடங்கள். மெல்லியவை, தடித்தவை, ஒன்றையொன்று தொடாமல், வரிசை கலையாமல். எல்லாம் குன்றுப் பக்கமிருந்து வந்து, அவள் நின்றிருந்த படியின் விளிம்பில் முடிந்தன.

ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை.

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தே தேடினாள். ஒரு சக்கரத் தடத்தைப் பார்த்து அது யாருடையது என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்?

"அவன் இதுல இல்ல."

பின்னால் கிளைவ், டிரெஸ்ஸிங் கவுனோடு, நடையின் சுவரோரமாக ஒட்டி நின்றிருந்தார்.

"உள்ள வந்த எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன் லோர்னா. அவன் இன்னும் கேட்டுக்கு அந்தப் பக்கந்தான் நிக்கறானாம்," என்றார் மெதுவாக.

அவள் நிமிர்ந்தாள். கதவைச் சுவர்வரைக்கும் அகலத் திறந்தாள். பிறகு தானும் ஓரமாக நகர்ந்து, நிலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாசலைக் காலியாக விட்டாள். வெளியே உறைபனி. ஆனால் குளிர் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. வந்து, அவள் கன்னத்தைத் தொடாமல் ஒதுங்கி, படியிறங்கியது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படியின் விளிம்பில் புதுப் பனி மெல்ல அழுந்தியது. ஒரே ஒரு கோடு, சந்தின் வழியே, குன்றை நோக்கிப் போகத் தொடங்கியது.